மாமா சுரண்டிய பெயர்

மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில், எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, தொண்ணூறை நெருங்கிய ஓர் ஆங்கிலேய அம்மா தனியாக இருக்கிறார். போன மாசியில் வாசற்படியெல்லாம் பனி உறைந்து கிடந்த ஒரு நாள், அவருக்குப் பாலும் பாணும் வாங்கிக் கொடுக்கப் போனேன். பையைத் தூக்கிக்கொண்டு என் மாமனாரும் கூட வந்தார்.

உள்ளே போனதும் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தின் முன் மாமா நின்றுவிட்டார். ஒரு சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் இளம்பெண் ஒருத்தி நின்றாள். பக்கத்தில் கப்பலின் பெயர் எழுதிய உயிர்காப்பு வளையம்.

"பிள்ளை, இது நான் வேலை செய்த கப்பல்."

"உங்கடை கப்பல் கிரேக்கரின்ரை எண்டெல்லோ சொன்னனீங்கள்? பேரும் வேறையெல்லே?"

"ஓம். வெள்ளைக்காரரிட்டை வாங்கிப் புதுப்பேர் எழுதினவங்கள். ஆனா பழைய பேர் இரும்பிலை புடைச்சுக்கொண்டு கிடந்தது. முகப்பிலை தொங்கிக்கொண்டு துருச் சுரண்டேக்கை ஒவ்வொரு எழுத்தாக் கையிலை தட்டுப்படும்."

நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். படத்தில் இருந்தது அவர்தான். அவருடைய கணவர் அந்தக் கப்பலில் எஞ்சினியர். கலியாணமான கையோடு, கோதுமை ஏற்ற வந்த அதே கப்பலில்தான் இருவரும் மொன்றியலுக்கு வந்து இறங்கியிருக்கிறார்கள்.

"உலகப் போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டியது. ஐந்து வருடம் தாங்கினாலே பெரிது என்பார் என் கணவர்" என்று சிரித்தார். பிறகு, "அவளுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். கப்பலை 'அவள்' என்றுதான் சொன்னார்.

மாமா என்னிடம் குரலைத் தாழ்த்தி, "உடைக்கக் கொண்டுபோனதைச் சொல்லாதை, பாவம்" என்றார்.

அந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். "உடைத்துவிட்டார்கள், இல்லையா?"

மாமா அவருக்கு எதிரே அமர்ந்தார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத கப்பலில் பழகிய ஆங்கிலத்தில் தானே சொல்லத் தொடங்கினார். கராச்சிக்கு அருகே, பழைய கப்பல்களை உடைக்கும் ஒரு கடற்கரை. கடைசிப் பயணத்தில் மாமாவும் இருந்தார். முழு வேகத்தில் ஓட்டிப்போய் மணலில் ஏற்றினார்கள். இயந்திரம் ஒரு தடவைகூட இடறவில்லை. கப்டன் ஊதுகுழலின் கயிற்றைப் பிடித்து இழுத்தபடியே நின்றார். நீராவி தீரும்வரை கப்பல் கூவியது. மாலுமிகளில் பலர் அழுதார்கள்.

"நீங்கள்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நானும்தான்" என்றார் மாமா.

அவர் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவளைத் தெரிந்த ஒருவர் கடைசிவரை அவளோடு இருந்ததே போதும் என்றார்.

இப்போது கீழே போக மாமாவுக்கு நான் தேவையில்லை. வாரத்தில் இரண்டு நாள் சவரம் செய்து, நல்ல சேட்டும் போட்டுக்கொண்டு போகிறார். நேற்று நான் படியிறங்கும்போது உள்ளே பெரிய வாக்குவாதம். கப்பலின் சமையலறைக் கதவு இடப்பக்கமா, வலப்பக்கமா என்று இருவரும் விட்டுக்கொடுக்காமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.