வண்டிக்குப் போயிருக்காருங்க

மெயில் வந்தால் போனில் 'டிங்' என்று சத்தம் வரும். தெரிந்த விஷயம்தானே? அப்புறம் ஏன் என் தங்கை காவ்யா நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைத் திறந்து திறந்து பார்க்கிறாள்?

கேட்டேன்.

"சத்தம் வராமயும் வரும்க்கா. போன வாரம் அப்படித்தான வந்துச்சு" என்றாள்.

அதுவும் சரிதான். போன வாரம் வந்த மெயில் அப்படி!

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், எங்கள் அப்பா இறந்து நாலு மாதம் ஆகிறது. லாரி டிரைவர். நாக்பூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. இப்போது புதுச்சத்திரத்து வீட்டில் அம்மா, நான், காவ்யா... மூன்று பேர்தான். நான் பத்தாவதோடு படிப்பை விட்டவள். லாரி புக்கிங் ஆபீஸில் போன் எடுக்கிறேன். காவ்யா அப்படியில்லை, நன்றாகப் படிப்பாள்.

எங்கள் நாமக்கல் பக்கம் பிள்ளை நன்றாகப் படித்தால் டாக்டராக வேண்டும். ஆகாவிட்டால், ஏன் ஆகவில்லை என்று ஊருக்கே பதில் சொல்ல வேண்டும். காவ்யாவோ வடக்கே ஒரு காலேஜுக்கு அப்ளை செய்தாள். அங்கே வரலாறும் படிக்கலாமாம், கணக்கும் படிக்கலாமாம், கூடவே நாடகமும் உண்டாம். "இது என்ன படிப்பு, கதம்ப சாதமா?" என்றேன். முறைத்தாள்.

அங்கே சீட் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் ஒரு வருஷ ஃபீஸுக்கு இங்கே ஓடுகிற கண்டிஷனில் ஒரு பழைய லாரி வாங்கிவிடலாம். அதனால் ஃபைனான்ஷியல் எய்டு என்று ஒன்று. குடும்ப நிலைமையைப் பார்த்து அவர்களே ஃபீஸைக் கட்டிக்கொள்வார்கள். அது கிடைத்தால் காவ்யா போவாள். கிடைக்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கதை.

அதற்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும். 'உங்களை உருவாக்கிய ஒன்று'... இப்படி ஏதோ தலைப்பு. அப்பா இறந்ததை எழுது என்று நான்தான் நச்சரித்தேன். படிக்கிறவர்கள் கலங்கிப் போவார்கள், எய்டு கிடைத்துவிடும் என்று ஒரு கணக்கு. (ஆமாம், அப்படித்தான் யோசித்தேன். அசிங்கம்தான்.)

"அப்பாவ வெச்சு நான் சீட்டு கேக்க மாட்டேன். போக்கா அந்தப் பக்கம்."

வேறு ஒன்றை எழுதினாள். அப்பா எந்த ஊருக்குப் போனாலும் அங்கே இருக்கிற ஊர்ப்பலகையை போட்டோ எடுத்து அவளுக்கு வாட்ஸப்பில் அனுப்புவார். தெலுங்கு, இந்தி, ஒடியா... அந்தப் பலகைகளைப் பார்த்தே எழுத்துகளைப் படிக்கப் பழகியவள் அவள். அதைத்தான் எழுதியிருந்தாள். எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாள். நன்றாக இருந்தது. 'அப்பா அனுப்புகிறார், அப்பா சொல்கிறார்' என்றே கட்டுரை முழுக்க இருந்தது. எனக்கு அது உறுத்தவே இல்லை. ஏன் உறுத்தவில்லை?

அடுத்து, வீட்டுப் பெரியவர்களோடு வீடியோ காலில் பேச வேண்டும் என்றார்கள். அம்மாவைத் தயார் செய்தேன். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, என் சம்பளம்... எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றைத் தவிர.

காலேஜ் மேடம் தமிழ் பேசினார். மெட்ராஸ் தமிழ், நல்ல குரல்.

"வீட்ல யார் யார் இருக்கீங்கம்மா?"

"நானு, பெரியவ, சின்னவ, மூணு பேருங்க."

"ஹஸ்பெண்ட்?"

அம்மா யோசிக்கவே இல்லை.

"வண்டிக்குப் போயிருக்காருங்க. வந்துருவாருங்க."

லாரிக்காரர் வீடுகளில் இது ஒரு பழக்கம். யார் கேட்டாலும் 'வண்டிக்குப் போயிருக்கார்' என்பதோடு நிறுத்தக்கூடாது. ரோட்டில் இருக்கிற மனுஷனைப் 'போயிருக்கார்' என்று பாதியில் விடுவதா? 'வந்துருவார்' என்று சேர்த்துத்தான் முடிக்க வேண்டும். கடன்காரன் கேட்டாலும் அதுதான், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் கேட்டாலும் அதுதான். இருபத்து மூன்று வருஷமாக அம்மா சொன்ன பதில். பேசப் பழகியதும் நாங்களும் சொன்ன பதில்.

காவ்யா என் தொடையைக் கிள்ளினாள். நான் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த ரெண்டு விநாடி எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மேடம் ஏதோ எழுதிக்கொண்டார். கால் முடிந்தது.

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"என்னடி சொன்னேன்?"

அம்மாவுக்குத் தெரியவே இல்லை!

நாலு நாள் கழித்து, சத்தமே இல்லாமல் அந்த மெயில் வந்தது. 'ஃபாரத்தில் தந்தை காலமானார் என்று இருக்கிறது. இறப்புச் சான்றிதழும் இணைத்திருக்கிறீர்கள். தாயார் அவர் வேலைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறார். கட்டுரையிலும் அவர் உயிரோடு இருப்பதுபோல் எழுதப்பட்டுள்ளது. எது சரி? தாயார் மறுபடி பேச வேண்டும். அதுவரை விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.'

காவ்யா அழவில்லை. எழுந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். நானும் நடந்தேன். சின்ன வீடு, ரெண்டு பேர் நடந்தால் இடித்துக்கொள்ளும்.

அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார். "அந்தக் காலேஜே வேண்டாஞ்சாமி. நாமக்கல்லுலயே சேத்திக்கலாம்."

"ஒரு வரி சொல்லும்மா. ஒரே வரி!" – காவ்யா.

"நீயே சொல்லு. உங்கக்கா சொல்லட்டும். நாளெல்லாம் போன்லதான பேசறா?"

"நீதான் பேசோணும்னு போட்டிருக்காங்கம்மா."

"அப்படி என்ன படிப்புடி அது, என் வாயில அந்தச் சொல்லப் புடுங்கிப் போட்டுப் படிக்கறது?"

அம்மா கேட்டது நியாயம்தானே?

ஃபாரம் ஒரு விசித்திரமான ஜந்து. இறந்தவரைப் பற்றிச் சொல்ல நமக்கு எப்போது வாய் வரும் என்று அது காத்திருக்காது. கடைசித் தேதி என்று ஒன்றை வைத்திருக்கும். துக்கத்துக்கு அப்படி ஒன்று உண்டா?

காவ்யா மேல் கோபம், அம்மா மேல் கோபம், மேடம் மேல் கோபம். ஆபீஸுக்குப் போனேன். சுவரில் வெள்ளை போர்டு. டிரைவர் பெயர்கள், எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று எழுதுவது என் வேலை. மேலிருந்து மூன்றாவது அப்பாவின் பெயர். பக்கத்தில் 'நாக்பூர்'. நாலு மாதமாகத் துணியை எடுத்து மற்ற பெயர்களை எல்லாம் அழித்து அழித்து எழுதுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் சுற்றிப் போய்விடுகிறேன். முதலாளியும் ஒன்றும் கேட்பதில்லை.

அம்மா போனில் சொன்னார். காவ்யா கட்டுரையில் சொன்னாள். நான் போர்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதில் யார் மேல் நான் கோபப்படுவது?

அன்று சாயங்காலம் அம்மாவே கேட்டார். "என்ன சொல்லோணும்? எழுதிக் குடு."

'என் கணவர் இறந்துவிட்டார்.' பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு துணி துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

மறுநாள் கால்.

"சாரிம்மா, மறுபடி தொந்தரவு பண்றோம்" என்றார் மேடம்.

அம்மா சீட்டைப் பார்த்தார். மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"மொதல்ல அவரை ஆம்புலன்ஸ்ல கொண்டாந்தாங்க மேடம். காரியமெல்லாம் பண்ணுனோம். ஆனா எனக்கு ஒண்ணும் ஏறலீங்க. மூணு நாள் கழிச்சு ரோட்டுல ஹார்ன் சத்தமுங்க. அவரு வண்டி ஹார்னு. எனக்குத் தெரியாதுங்களா? அடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடுனனுங்க. வேற ஒருத்தரு இறங்குனாரு. அவரு பையும் போர்வையும் குடுக்க நிறுத்துனாங்களாம்..."

மூச்சு வாங்கினார்.

"வண்டி வந்துருச்சுங்க மேடம். அவருதான் வரலீங்க. இனி வர மாட்டாருங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போதும்மா. உங்க ஃபைல் மேல போயிரும். எய்டு கிடைக்குமான்னு நான் சொல்ல முடியாது. மெயில்ல வரும்."

போனை வைத்ததும் அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினார். அதற்கப்புறம் ஒரு வாரமாக, நான் ஆபீஸுக்குக் கிளம்பினாலும் சரி, காவ்யா கடைக்குக் கிளம்பினாலும் சரி, யார் எங்கே என்று கேட்டால் "போயிருக்கா" என்றே நிறுத்திக்கொண்டார். அந்த இன்னொரு பாதி வரவே இல்லை. எய்டுக்காக எதையோ அம்மாவிடமிருந்து கேட்டு வாங்கித் தொலைத்துவிட்டோமோ?

காவ்யா தன் கட்டுரையை மாற்றவில்லை. கீழே ஒரே ஒரு வரி சேர்த்து அனுப்பினாள், கடைசியாக வந்த போட்டோவில் இருந்த ஊரின் பெயரை. நான் போர்டை இன்னும் அழிக்கவில்லை. என்னை யாரும் வீடியோ காலில் கூப்பிடவில்லையே!

இன்று காலை மளிகைக் கடைக்காரர் வண்டியை நிறுத்திக் கேட்டார். "ஏனுங்க்கா, சின்னப்புள்ள காலேஜ் விஷயம் என்னாச்சுங்க?"

காவ்யாவின் கை போனில் அப்படியே நின்றது.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"எழுதிப் போயிருக்குதுங்க" என்றார். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார்.

"வந்துருமுங்க."