பச்சைக் கட்டமும் மெயின் சுவிட்சும்

கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கட்டி மேய்க்கிறதுதான் எங்க தொழில். பேயோட்டுறவங்களுக்கும் எங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, அவங்களுக்கு வேப்பிலை, எங்களுக்கு கீபோர்டு.

சர்வர் பார்த்துப் பார்த்து நகம் கடிச்சே விரல் தேஞ்சுபோன சக பாவிகளே, உங்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்ல. மத்தவங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஆம்பூர் ஸ்டேஷன் ரோட்டுல ஒரு மாடியில எங்க ஆபீஸ். நிஜமான டிஸ்குங்க ஒரே அடுக்குல அங்க இருக்கு. சுத்துப்பட்டுல இருக்கிற, தோல் பதனிடுற டேனரி, ஷூ கம்பெனிக்கெல்லாம் அதிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்திருக்கோம். வெட்டுறதுக்குக் கத்தி கிடையாது. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட அடிவயித்துல கெர்னல்னு ஒண்ணு உட்கார்ந்திருக்கு. அதுக்கு நான் கட்டளை கொடுத்தா, இல்லாத டிஸ்கை இருக்கிற மாதிரியே காட்டும். அந்தக் கம்பெனி மிஷினும் அதை நிஜம்னே நம்பி எழுதிக்கிட்டிருக்கும்.

பெரிசாக்குன்னா பெரிசாக்கும். நிறுத்துன்னா நிறுத்தும். அழின்னா அழிச்சுடும். "நிஜமாவா சொல்ற?"ன்னு ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காது. அதான் எனக்கு பயம். என் பேரு எஸ்தர். சின்ன வயசுலேர்ந்தே நான் பயந்த சுபாவம்தான்; இந்த வேலைக்கு வந்து அது முத்திப் போச்சு.

ஆள் மாறாட்டம்

டிஸ்குக்கு கெர்னல் தானா ஒரு பேர் வைக்கும். மிஷினை அணைச்சு ஏத்தினா அந்தப் பேரு மாறினாலும் மாறும். நேத்து ஒருத்தன் பேரா இருந்தது இன்னைக்கு பக்கத்து வீட்டுக்காரன் பேரா இருக்கும். தெரிஞ்ச விஷயம்தான். தெரிஞ்சும் மாட்டிக்கிறோம் இல்லியா?

மூடிட்டுப் போன ஒரு ஷூ கம்பெனியோட துண்டை அழிக்கச் சொன்னாரு எங்க முதலாளி நசீர் பாய். கட்டளையை அடிச்சுட்டேன், என்டர் மட்டும் தட்டணும். விரல் இறங்கல. ஒவ்வொரு துண்டுக்கும் பிறந்தப்பவே எழுதி வச்ச நீளமான நம்பர் ஒண்ணு உண்டு, அது மட்டும் மாறாது. சரி, ஒருவாட்டி பார்த்துடலாம்னு அதை எடுத்துப் பார்த்தா, கர்த்தரே! அது நல்லா ஓடிக்கிட்டிருக்கிற இன்னொரு கம்பெனியோட கணக்கு வழக்கு அத்தனையும் இருக்கிற துண்டு. ஏசி ரூம்ல எனக்கு வேர்த்துக் கொட்டிடுச்சு. நாற்காலியைப் பின்னாடி தள்ளிட்டு எழுந்து, கீபோர்டைத் தொடாம தூரமா நின்னுட்டேன்.

டீ கிளாஸோட வந்த நசீர் பாய் என் மூஞ்சைப் பார்த்தாரு, ஸ்கிரீனைப் பார்த்தாரு, விஷயம் புரிஞ்சுது. நிதானமா ஒரு வாய் குடிச்சுட்டு சொன்னாரு: "நீ பயப்படுற வரைக்கும் எனக்கு பயமில்ல எஸ்தர்."

சிக்கினா இறக்கு

மேல்விஷாரத்துல நாங்க பார்க்கிற ஒரு டேனரியில காதர் சாப்னு சூப்பர்வைசர். தோலைப் போட்டுச் சுத்துற பெரிய டிரம் சத்தத்துக்கு மேல அவர் குரல் கேட்கும். அவர் ஷெட்டுல ஒரே சட்டம்தான்: எந்த மிஷின் சிக்கினாலும், யாரும் எதையும் நோண்டக் கூடாது, மெயினை இறக்கு. மெயின் இறங்கினா எல்லாரும் வெளியில வந்து வரிசையா நிக்கணும். தலையை எண்ணிட்டுத்தான் மறுபடி ஏத்துவாரு. ரோலர் மிஷின்ல ஒருத்தன் கை உள்ள போனதைக் கண்ணால பார்த்தவரு. அதுலேர்ந்து அப்படி.

அப்ப அவங்க சர்வர் அவங்க ஆபீஸ்லயே இருந்துச்சு. ஒருநாள் அவங்க டிஸ்கைப் பெரிசாக்க நான் அங்க போயிருந்தேன். பெரிசாக்கிறப்ப டிஸ்கை ஒரு நிமிஷம் நிறுத்தி வைக்கணும். நிறுத்தினா எதுவும் அழியாது. எழுத வந்த சேதியெல்லாம் கெர்னல்கிட்ட கியூவுல நிக்கும். திரும்ப ஓட விட்டதும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா உள்ள போயிடும். அந்த நேரம் மட்டும் ஸ்கிரீன் அப்படியே நின்னுடும். நின்னுச்சு. காதர் சாப் பார்த்தாரு. "சிக்கிருச்சுடா!"ன்னு ஒரே கத்து, மெயின் இறங்கிப் போச்சு. யூபிஎஸ் ஒண்ணு இருக்கேன்னு நான் மூச்சு விடறதுக்குள்ள, அதையும் அவரே போய் அணைச்சுட்டாரு!

உள்ள இருந்ததெல்லாம் பாதி எழுதி பாதி எழுதாம அலங்கோலமாப் போச்சு. அதைச் சரி பண்றதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. "இன்னா சாப் இது, இது டிரம்மா? டிஸ்கு சாப்! சும்மா விட்டிருந்தா தானே ஓடியிருக்கும்"னு மரியாதை எல்லாம் மறந்து கத்திட்டேன். அவர் கொஞ்சமும் அசரல. "கை உள்ள போன பிறகு யோசிக்கச் சொல்றியா பேட்டி?" பேட்டின்னா அவங்க உருதுல மகள்.

பச்சைக் கட்டம்

இப்ப என் பெரிய பயத்துக்கு வர்றேன். அதே டேனரியில என் தம்பி ஜெயபால் பம்ப் ஃபிட்டர். கழிவுத் தண்ணி சேர்ற தொட்டியில பம்ப் அடைச்சுக்கிட்டா எடுத்து விடறது அவன் வேலை. அந்தத் தொட்டியில விஷக் காத்து கட்டும். உள்ள இறங்கின ஆளைத் தூக்கப் போய் தூக்கப் போனவனும் சேர்ந்து விழுந்த கதையெல்லாம் எங்க பக்கத்துல யாருக்குத்தான் தெரியாது? இறங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. பம்ப் அடைச்சுத் தண்ணி வெளியில வழியறப்ப, தொட்டி விளிம்புல நிக்கிறவனுக்கு சட்டமா ஞாபகம் வரும்?

தொட்டிக்குள்ள சென்சார் வச்சாங்க. அதை வித்தவங்களோட புரோகிராம் நம்ம ஆம்பூர் சர்வர்ல ஒரு சின்னத் துண்டுல ஓடுது. அதுக்குள்ள அந்த டேனரி சர்வரையே நாங்க இங்க கொண்டு வந்துட்டோம், காதர் சாப் கைக்கு எட்டாத தூரத்துக்கு. சென்சார் சொல்ற அளவை முதல்ல டிஸ்குல எழுதும், அப்புறம் டேனரியில இருக்கிற ஸ்கிரீன்ல காட்டும். காத்து நல்லா இருந்தா பச்சைக் கட்டம். கெட்டா சிவப்பு, கூடவே தொட்டிகிட்ட பேட்டரியில ஓடுற சைரன். பச்சை எரிஞ்சாதான் மூடியைத் திறக்கணும், அது கண்டிஷன். அந்தக் கட்டத்தை என் ஸ்கிரீன் மூலையிலயும் திறந்து வச்சுக்கிட்டேன். சாப்பிடறப்ப பார்ப்பேன், போன் பேசறப்ப பார்ப்பேன். பச்சைன்னா தம்பி உயிரோட இருக்கான்னு அர்த்தம். எனக்கு அவ்ளோதான் கணக்கு.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தவன் தட்டுல கை வச்சுக்கிட்டே சிரிச்சான்: "அக்கா, நீ என் மூஞ்சைப் பார்க்கிறதை விட அந்தப் பச்சையைத்தான் ஜாஸ்தி பார்க்கிற."

இல்லாத இடத்தைப் பங்கு வச்சது

துண்டு போடறதுல ஒரு தந்திரம் உண்டு. எல்லாருக்கும் பெரிய இடம் கொடுத்திருக்கோம்னு கெர்னல் சொல்லும். ஆனா நிஜத்துல அவ்ளோ இடம் இருக்காது. எழுத எழுதத்தான் நிஜ இடத்தை எடுத்துக் கொடுக்கும். எல்லாரும் ஒரே சமயத்துல முழுசா எழுத மாட்டாங்கங்கிற தைரியம். ஊருலகம் பூரா இப்படித்தான் செய்றாங்க, தப்பில்ல.

ஆனா நம்ம ஊரு அப்படியா? ஒருத்தர் ஜவுளி, ஒருத்தர் மளிகை, ஒருத்தர் ஆஸ்பத்திரின்னு இருந்தா சரி. நம்மகிட்ட இருக்கிறது பூரா தோலு! பக்ரீத் முடிஞ்சா உப்பு போட்ட பச்சைத் தோல் லாரி லாரியா எல்லா டேனரிக்கும் ஒரே வாரத்துல வந்து இறங்கும். வெளிநாட்டுல தோல் வாங்குற பையர் கேட்கிறான்னு ஒவ்வொரு தோலையும் போட்டோ எடுத்து ஏத்துறாங்க. "பாய், எல்லாருக்கும் ஒண்ணா பெருக்கம் வருது, டிஸ்கு பத்தாது"ன்னு நசீர் பாய்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன். புது டிஸ்குக்கு அவரும் சொல்லித்தான் வச்சிருந்தாரு. பண்டிகைக்கு அப்புறம் வரும்னுட்டாங்க. "கல்யாண வீட்டுல எல்லாரும் ஒரே பந்தியில உட்கார மாட்டாங்க எஸ்தர், பேஜார் ஆகாத"ன்னாரு பாய்.

ஒரே பந்தி

உட்கார்ந்தாங்க. அத்தனை பேரும் ஒரே பந்தியில உட்கார்ந்தாங்க.

பக்ரீத்துக்கு அடுத்த வாரம், காலையிலேர்ந்தே நிஜ இடம் மளமளன்னு கரையுது. நான் தேவையில்லாததெல்லாம் தேடித் தேடி அழிக்கிறேன், அழிக்கிற வேகத்தை விட போட்டோ வர்ற வேகம் ஜாஸ்தி. புது டிஸ்கு ஏத்தின வண்டி வாலாஜா தாண்டிடுச்சு, இதோ வந்துடும்னு நசீர் பாய் போன்ல சொல்லிக்கிட்டே இருக்காரு. இடம் சுத்தமா தீர்ந்துட்டா எழுத வந்ததெல்லாம் நடுவுல அறுந்துபோகும், எல்லாக் கம்பெனி டிஸ்கும் சேர்ந்து கெட்டுடும். கொஞ்சூண்டு இடம்தான் பாக்கி. சரி, வண்டி வர்ற வரைக்கும் எல்லாத்தையும் நிறுத்தி வச்சுடலாம், எதுவும் அழியாது, கியூவுல நிக்கட்டும்னு முடிவு பண்ணேன். ஒவ்வொரு துண்டா பேர் சொல்லி நிறுத்த நேரம் ஏது? எல்லாத் துண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டளை. என்டர் தட்டினேன்.

அத்தனையும் நின்னுச்சு. உடனே போன் மேல போன். "ஸ்கிரீன் நின்னுப் போச்சு", "மவுஸ் செத்துப் போச்சு", "இன்னாம்மா பண்றீங்க அங்க?" எல்லாருக்கும் ஒரே பதில்தான்: தொடாதீங்க, அணைக்காதீங்க, தானா வரும். சொல்லிக்கிட்டே மூலையில கண்ணை ஓட்டினேன். பச்சை. அப்பாடா, இதாவது நல்லா இருக்கேன்னு நெஞ்சுல பாரம் கொஞ்சம் இறங்குச்சு. இன்னொரு போன் எடுத்தேன், பேசினேன், வச்சேன். மறுபடி பார்த்தேன். பச்சை.

அப்பதான் அந்தக் கட்டத்துக்குக் கீழ இருந்த சின்னக் கடிகாரம் கண்ணுல பட்டுச்சு. மணி ஓடல. நான் எப்ப நிறுத்தினேனோ அப்பவே நிக்குது. அந்தத் துண்டையும் சேர்த்துத்தானே நிறுத்தினேன்! டிஸ்குல எழுத முடியாம அந்தப் புரோகிராமும் கியூவுல நிக்குது. நான் பார்த்து நிம்மதிப்பட்ட பச்சை எப்பவோ எரிஞ்ச பச்சை. இப்ப தொட்டிக்குள்ள இன்னா இருக்குன்னு இந்த பூமியில யாருக்கும் தெரியாது. லோடு லோடா தோல் இறங்கின வாரம். பம்ப் அடைக்காம இருக்குமா?

ஜெயபாலுக்கு போட்டேன். எடுக்கல. தொட்டிப் பக்கம் போனா போனை லாக்கர்ல வச்சுட்டுப் போவான். காதர் சாப்புக்கு போட்டேன், மணி அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுது. போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டே அந்த ஒரு துண்டை மட்டும் ஓடுன்னு அடிக்கிறேன். எழுத்து எழுத்தா தப்பு விழுது. "இயேசப்பா, இயேசப்பா"ன்னு வாய்விட்டு அழுதுக்கிட்டே அழிச்சு அழிச்சு அடிச்சேன். ஓடுச்சு. நின்னிருந்த சேதியெல்லாம் வரிசையா வந்து விழுந்துச்சு. பச்சை, பச்சை, மஞ்சள், சிவப்பு. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. அந்தச் சிவப்பு எல்லாமே நான் பச்சையைப் பார்த்து மூச்சு விட்டேனே, அந்த நேரத்துது.

தரையிலயே உட்கார்ந்துட்டேன். போன் அடிச்சுது. காதர் சாப் பேரு. எடுக்கவே பயமா இருந்துச்சு. எடுத்தேன். அந்தப் பக்கம் சைரன் அலறுது, அதுக்கு மேல அவர் அலறுறாரு: "எஸ்தர் பேட்டி! சைரன் இப்ப கத்துது! கடிகாரம் அப்பவே சிக்கிருச்சு, பார்த்துட்டு நான் தொட்டி மெயினை இறக்கிட்டேன்! எல்லாரையும் வெளியில வரிசையா நிக்க வச்சிருக்கேன்!"

"ஜெயபாலு?"ன்னு கேட்டேன். அது என் குரலான்னே எனக்குத் தெரியல.

"மூடியைத் திறந்து ஏணியில ஒரு காலை வச்சுட்டான். லைட்டு போச்சு, ஏறி வந்துட்டான். தலை எண்ணியாச்சு, எல்லாம் சரியா இருக்கு. இதோ எதிர்ல நின்னு முறைக்கிறான், வேலையைக் கெடுத்துட்டேனாம்." நான் அழறது அவருக்குக் கேட்டிருக்கும் போல. குரலை இறக்கிக்கிட்டாரு. "ஏம்மா, மெயினை இறக்கினதுக்கு இன்னைக்கும் என்னைத் திட்டுவியா?"

புது டிஸ்கு வந்துச்சு, ஒரு போட்டோ கூட தொலைஞ்சு போகல, அந்த சென்சார் புரோகிராமுக்குத் தனியா ஒரு சின்ன சர்வர் பெட்டியை டேனரியிலயே, காதர் சாப் மேஜை மேல, அவர் கைக்கு எட்டுற தூரத்துல வச்சுட்டோம். நான் இப்பவும் நாள் முழுக்க அந்த மூலையைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன், ஆனா பச்சையை இல்ல, கடிகாரம் ஓடுதான்னு.