நாங்கள் வெண்டிட்டம்

ஸ்காட்லாந்தில் இரண்டாம் நிலை கால்பந்து லீக் என்று ஒன்று இருப்பதே நாற்பத்தொரு வயது வரை எனக்குத் தெரியாது. தெரியாமலேயே போயிருந்தால் ஒன்பது மாதம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அக்காதான் அதை என் தலையில் கட்டியவர். சொந்த அக்கா இல்லை. ஆக்லாந்தில் நான் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த மருத்துவமனையில் அவர் பார்மசிஸ்ட். என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் சேலத்துக்காரி; அவர் யாழ்ப்பாணம். இங்கே வருமுன் எட்டு வருடம் ஸ்காட்லாந்தில் ஒரு சின்னக் கடலோர ஊரில் வேலை பார்த்திருக்கிறார். நான் சேர்ந்த முதல் வாரம், கேன்டீனில் தனியாக உட்கார்ந்து தயிர் சாதத்தைக் கிளறிக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்று, “நீர் தமிழோ?” என்று கேட்டார். என் வாழ்நாளில் யாரும் என்னை ‘நீர்’ என்று கூப்பிட்டதில்லை. புராணப் படத்துக்குள் நுழைந்துவிட்டதுபோல இருந்தது. “ஆமா” என்றேன். “நான் யோசிச்சனான், மணத்திலேயே தெரியுது” என்று சொல்லி, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மறுநாள் மதியம் லேப் வாசலில் வந்து நின்று, “நாங்கள் சாப்பிடுவம்” என்று என் தோளில் கை வைத்தார். போனேன்.

என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விமான நிலையத்துப் பக்கம் கிடங்கில் ஷிஃப்ட். சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வீட்டில் ஞாயிறு காலை என்பது வாஷிங் மெஷின் சத்தம் மட்டும்தான். அது தெரிந்ததும் அக்கா, “ஒன்பது மணிக்கு வாரும், மாட்ச் பாப்பம்” என்றார். த்ரீ கிங்ஸில் அவருடைய வீடு. பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். அங்கே சனிக்கிழமை மதியம் நடக்கிற ஆட்டம் நமக்கு ஞாயிறு விடியற்காலையில் முடிந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கிற ரசிகர்களுக்காகக் கிளப்பே இணையத்தில் போடுகிற ஒளிபரப்பை அக்கா ஒன்பது மணிக்கு, புட்டும் சம்பலும் வைத்துக்கொண்டு, இப்போதுதான் நடக்கிறது என்ற நினைப்பில் பார்ப்பார். அந்த வீட்டில் ஒரே சட்டம்: முன்கூட்டி ஸ்கோர் பார்க்கக் கூடாது. வாசலிலேயே என் போனை வாங்கி அரிசி டின்மேல் வைத்துவிடுவார்.

அந்த லீக்கில் பத்தே அணிகள். ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடு நான்கு முறை மோதும். அதே முகங்கள், அதே வசவு, அதே கோல்கீப்பரின் அதே தவறு. முதலிடம் பிடிக்கிற அணி மேல் லீக்குக்குப் போகும். அக்காவின் அணி பல வருடங்களாகப் போகவில்லை. மைதானம் கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. காற்றில் பந்து கோலுக்குப் போகிற வழியில் மனதை மாற்றிக்கொள்ளும். மழையில் நூறு பேர் குடைக்குள் முணுமுணுப்பார்கள். எனக்கு அது எல்லாமே பிடித்துவிட்டது என்று சொன்னால் பொய். எனக்குப் பிடித்தது அந்த இரண்டு மணி நேரமும் அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்ததுதான்.

“எட்டு வருஷம் தனியத்தான் போனனான்” என்று ஒருநாள் சொன்னார். “தூணுக்குப் பக்கத்தில என்ர சீட். பக்கத்துச் சீட்டில என்ர பைதான் இருக்கும். ஒருத்தரும் இல்லை எண்டபடியா கோல் அடிச்சா பையைத்தான் கட்டிப்பிடிக்கிறனான்.”

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துச் சீட் எனக்குத்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

நவம்பரில் அவள் வந்தாள். மருத்துவமனைக்குப் புதிதாக வந்த பிசியோதெரபிஸ்ட். சிவந்த முகம், பெரிய சிரிப்பு. அவள் எந்த ஊர் என்று அக்கா லிஃப்டில் கேட்டிருக்கிறார். அதே கடலோர ஊர். மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள். அந்த ஞாயிறு நான் போனபோது எனக்கு முன்பே அவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள், என் இடத்தில், கையில் என் டம்ளரோடு.

எனக்குக் குபீரென்று பற்றிக்கொண்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவளுக்கு அந்த அணியின் பாட்டுகள் எல்லாம் தெரியும். எந்த மூலையில் எந்தக் கிழவன் நின்று கத்துவான் என்று தெரியும். மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ஏதோ ஒரு பலகாரத்தை அங்கே இடைவேளையில் தின்பார்களாம்; அதன் மிளகுக் காரத்தைப் பற்றி இருவரும் கால்மணி நேரம் பேசினார்கள். அக்காவின் ஆங்கிலமே மாறிவிட்டது. ‘ர’ எல்லாம் உருள ஆரம்பித்தது. அதைவிட, அவள் அக்காவை ‘ஹென்’ என்று கூப்பிட்டாள். எனக்குக் கோழி என்றுதான் கேட்டது. அந்த ஊரில் பெண்களைப் பிரியமாக அப்படித்தான் கூப்பிடுவார்களாம். அக்கா முகம் மலர்ந்து போய் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து போய் வேறு டம்ளரில் தண்ணீர் குடித்தேன்.

பொறாமை வந்த பிறகுதான் எனக்கு இலக்கணம் ஞாபகம் வந்தது. நான் ‘நம்ம கோல்கீப்பர்’ என்பேன். அக்கா ‘எங்கட கோல்கீப்பர்’ என்பார். நான் ‘நமக்குப் பெனால்ட்டி’ என்பேன். அவர் ‘எங்களுக்குத் தரேல்லைப் பாத்தனீரோ’ என்பார். நாம என்றால் எதிரே இருப்பவரும் உள்ளே. நாங்க என்றால் எதிரே இருப்பவர் வெளியே. எங்கள் ஊரில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும். ‘நாங்க ஊருக்குப் போறோம்’ என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னால், நம்மைக் கூப்பிடவில்லை என்று அர்த்தம். அக்கா என்னைப் பார்த்து ‘நாங்கள்’, ‘எங்கட’, ‘எங்களுக்கு’ என்று சொல்லச் சொல்ல, ஒவ்வொரு தடவையும் ஒரு கதவு என் முகத்தில் சாத்தப்பட்டது. உள்ளே அவரும் அந்தச் சிவந்த முகக்காரியும்.

நான் செய்த அற்பத்தனங்களைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலை எழுந்ததும் குளியலறையில் வைத்து ஸ்கோர் பார்க்க ஆரம்பித்தேன். அணி தோற்றிருந்தால் அன்றைக்கு உற்சாகமாகக் கிளம்புவேன். ஜனவரியில் கடைசி இடத்தில் இருந்த அணியிடம் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். அது தெரிந்தே நெய் தாராளமாக விட்டுக் கேசரி செய்து எடுத்துப் போனேன். இருவரும் கேசரி வாயோடு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, இன்னும் பத்து நிமிடத்தில் உங்கள் வாய் மூடும் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் கோல் விழுந்ததும் அக்கா என் முழங்கையைத் தேடிப் பிடித்தார். அவளுடையதை அல்ல, என்னுடையதை. அதைக் கவனித்தேன். கவனித்தும் மனம் இறங்கவில்லை.

என் கணவர் ஒருநாள், “ஸ்காட்லாந்துல எவனோ பந்தை உதைக்கிறான், உனக்கு ஏன் இங்க மூஞ்சி வீங்குது?” என்று கேட்டார்.

ஆனால் அந்த அணி எனக்காகத் தோற்றுக்கொண்டே இருக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து வரிசையாக ஜெயித்தார்கள். ஏப்ரலில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்துவிட்டார்கள். கடைசி ஆட்டம் சொந்த மைதானத்தில், முதலிடத்தில் இருந்த அணியோடு. ஜெயித்தால் மேலே. அதற்கு மூன்று வாரம் முன்னால், கேன்டீனில் அக்கா கண்ணெல்லாம் மின்ன வந்து உட்கார்ந்தார்.

“கடைசி மாட்சுக்கு நாங்கள் அங்க நிக்கிறம். ரெண்டு டிக்கெட் சொல்லி வைச்சிட்டன், அதே தூணுக்குப் பக்கத்தில!”

நாங்கள். ரெண்டு டிக்கெட். தூணுக்குப் பக்கத்தில். மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின.

“சந்தோஷம்க்கா. நல்லபடியா போயிட்டு வாங்க” என்றேன்.

அக்கா புரியாதவர்போலப் பார்த்தார். “என்ன, நீர் இப்பிடிச் சொல்லுறீர்?”

“பின்ன என்ன சொல்ல? எனக்கு லேப்ல தலைக்கு மேல வேலை இருக்கு. இல்லாட்டியும் ஒரு மேட்சுக்காக உலகத்தோட அந்தக் கோடிக்குப் போற அளவுக்கு எனக்குப் பைத்தியம் பிடிக்கல.”

அவர் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திருகி மூடினார். “ஓம். சரி” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் வாரும் என்று கூப்பிடவும் இல்லை, நான் போகவும் இல்லை. அந்த மௌனமே என் சந்தேகத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறு காலைகளில் மறுபடியும் வாஷிங் மெஷின் சுற்றியது.

மே மாதம், ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால். ரத்த மாதிரிகளை எடுத்துக்கொண்டு எலும்பு முறிவு வார்டு வழியாக வந்தேன். எதிரே அவள், நடைச் சட்டத்தைப் பிடித்த ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நீங்கள் ஸ்காட்லாந்து போகவில்லையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“நானா?” என்றாள். “எனக்கு ஏது லீவு, சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லையே. அதோடு அது உங்கள் இருவர் பயணம் ஆயிற்றே. எத்தனை மாதமாகத் திட்டம் போட்டாள்! அந்தத் தூணுக்குப் பக்கத்து டிக்கெட் கிடைக்க என் அண்ணனைத்தான் வரிசையில் நிற்க வைத்தாள். நீ வரமாட்டாய் என்று சொன்ன அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து அழுதாளே, தெரியாதா?” அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன ஆச்சு, ஹென்?” என்றாள்.

ரத்தக் குழாய்கள் இருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு லேபுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே யாழ்ப்பாணத்துக்காரர் இன்னொருவர் இருந்தார், வயதான மனிதர், மைக்ரோஸ்கோப்பில் இருந்து தலையைத் தூக்காமலே வேலை செய்பவர். அவரிடம், “சார், நீங்களும் நானும் சேந்து ஓரிடத்துக்குப் போறோம்னு வைங்க. அதை நீங்க எங்கிட்ட எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டேன்.

“நாங்கள் போவம் எண்டுதான்” என்றார். “ஏன்?”

“நாம போவோம்னு சொல்ல மாட்டீங்களா?”

“நாம் எண்டு ஆர் கதைக்கிறது? அது மேடைத் தமிழ் எல்லோ” என்று மறுபடியும் குனிந்துகொண்டார்.

அவர்களுக்கு ஒரே சொல்தான். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் சேர்த்து ஒன்று. என் தோளில் கை வைத்து ‘நாங்கள் சாப்பிடுவம்’ என்று சொன்ன அன்றே அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கை இருந்ததால் சொல்லைக் கேட்கவில்லை. பிறகு, சொல்லை மட்டும் கேட்டுக் கையை மறந்துவிட்டேன். ஒன்பது மாதமாக அக்கா ‘நாங்கள்’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் நான் உள்ளேதான் இருந்திருக்கிறேன். அதற்குப் பதிலாகத்தான் தோல்வியைத் தெரிந்துகொண்டு கேசரி கிண்டியிருக்கிறேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருந்தது.

அக்காவுக்கு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். இலக்கணப் பாடம் மாதிரி இருந்தது. அழித்துவிட்டேன்.

கடைசி ஆட்டம் அங்கே வெள்ளி மாலை, நமக்குச் சனிக்கிழமை காலை. பிசியோதெரபிஸ்ட் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள், போனேன். பல மாதத்துக்குப் பிறகு ஸ்கோர் தெரியாமல், முதல் தடவையாக நேரடியாகப் பார்த்தேன். எண்பது நிமிடத்துக்கு எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு கார்னர். காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு போய் யார் தலையிலோ போட்டது, அது உள்ளே போனது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், ஆனால் என் கண் திரையில் அந்தத் தூணையே தேடிக்கொண்டிருந்தது. கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டம் முடிந்து சிறிது நேரத்தில் என் போன் ஒலித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அக்காவிடமிருந்து.

‘நாங்கள் வெண்டிட்டம்!’

எங்கள் ஊர்க் கணக்கில் படித்தேன். அவர் ஊர்க் கணக்கில் படித்தேன். இந்த முறை நான் உள்ளேயா வெளியேயா என்று எதிலும் தெரியவில்லை. பின்னாலேயே ஒரு படம் வந்தது. தூண். அதன் பக்கத்தில் அழுது சிவந்த கண்களோடு அக்கா, மடியில் அவருடைய பை. பக்கத்துச் சீட்டில், எனக்கென்று வரிசையில் நின்று வாங்கிய சீட்டில், முன்பல் இல்லாத பெருத்த கிழவர் ஒருவர். அவர் கை அக்காவின் தோளைச் சுற்றி இருந்தது.

அந்தக் கிழவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! இத்தனை மாதம் அந்தப் பெண்மேல் பட்ட பொறாமை எல்லாம் சும்மா. இதுதான் அசல்.

‘என் சீட்ல யாருக்கா அது?’ என்று எழுதினேன்.

அவர் எழுதுகிறார் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது.

‘உம்மட சீட்டோ? நீர்தானே வரேல்லை எண்டனீர்.’

உடனே அடுத்ததும் வந்தது.

‘வயிறு எரியுதோ?’

ஆமா என்று எழுதப் போனேன். அதை அழித்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, ‘ஓம்’ என்று எழுதி அனுப்பினேன்.