வலுசர்ப்பம் வளர்த்தவள் வரப்பில் நின்ற கதை

நான் பயந்து பயந்தே பெரியவளானவள். லேஸ் பின்னும்போது குண்டூசியைப் பல்லில் கவ்விக்கொள்வது எங்கள் எல்லாருக்கும் வழக்கம். நான் மட்டும் விழுங்கிவிட்டேனோ என்று அடிக்கடி வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொள்வேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தி, பூதப்பாண்டிப் பக்கம் எங்கள் சபைக் கோயிலை ஒட்டியிருந்த லேஸ் கொட்டகைக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பா நோயில் படுத்துவிட்டார். நான் பின்னினால்தான் வீட்டில் உலை கொதிக்கும். அந்த இடம் போய்விடுமோ என்பதுதான் என் பயங்களுக்கெல்லாம் தலைமைப் பயம்.

கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. ஊர்வம்பு பேசக்கூடாது, பைபிளில் இருக்கிற வேதக்கதை சொல்லலாம். மேற்பார்வைக்கு, சபையைக் கவனிக்கும் உபதேசியாரின் மனைவி வருவார். அந்த அம்மாளின் சாவிக்கொத்து தூரத்தில் குலுங்கினாலே என் நூல் தானாகச் சிக்கிக்கொள்ளும்.

கதை சொல்ல என் முறை வந்தபோது எனக்குத் தெரிந்த வேதக்கதைகளெல்லாம் இரண்டு சுற்று முடிந்திருந்தன. பிரசங்கத்தில் எப்போதோ காதில் விழுந்த வலுசர்ப்பம் மட்டும் மிச்சம். சிறகுள்ள, தீ கக்குகிற பெரிய பாம்பு. வேதத்தில் இருக்கிற பிராணிதானே, சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று நம்பி ஆரம்பித்தேன். தாடகை மலைக்குப் பின்னால் வலுசர்ப்பங்கள் ஒரு பெண்குழந்தையை எடுத்து வளர்த்தன. மூச்சுக்காற்றில் மரச்சீனிக் கிழங்கு சுட்டுக் கொடுத்தன. மழை பெய்தால் சிறகை விரித்துக் குடை பிடித்தன. வளர்ந்ததும் அவளுக்கு மனுஷரைப் பார்க்க ஆசை வந்து, மலையிறங்கி வயல் வரப்பில் வந்து நின்றாள்.

அதற்கு மேல் எனக்குக் கதை ஓடவில்லை. மனுஷர் அவளை என்ன செய்வார்களோ என்று எனக்கே பயம். ஆகவே அவள் வரப்பிலேயே நின்றாள்.

"ஏட்டி, அவ எம்புட்டு நாளு அங்கயே நிப்பா? காலுல வேரு விட்டிராதா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"மழ வருகு. வெறிச்ச பொறவு போவா."

"தீக்குள்ள வளந்தவளுக்கு மழையா பயம்? ஒனக்குத்தாம்ட்டி பயம்."

எதிரே எங்களில் மூத்தவள் இருந்தாள், ஏழாம் வகுப்பு தாண்டியவள். அவள் தலை தூக்காமலே கேட்டாள்: "வலுசர்ப்பம்னா சாத்தான்லா? சாத்தான் வளத்த பிள்ளையவா அம்மாளுக்க கொட்டகைக்குள்ள கொண்டாந்து நிறுத்தியிருக்க?"

எனக்கு அது தெரியாது. மூன்றாம் வகுப்புப் பாடத்தில் சாத்தான் அவ்வளவு தூரம் வந்திருக்கவில்லை. மறுநாள் கொட்டகையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாகக் கதையில் சர்ப்பங்களுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டேன்.

"தண்ணில முக்குனா தீ அணைஞ்சிராதா? பொறவு கிழங்க யாரு சுடுவா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"முக்கதுக்கு நாம என்ன முழுக்குக்காரங்களா? நம்ம சபைல தெளிக்கதுதான! நெத்தில நாலு சொட்டு. தீக்கு ஒண்ணும் ஆவாது."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். திருச்சபைக்கு நான் செய்த ஒரே ஊழியம் அதுதான். அந்தப் பெருமையில் சாவிச் சத்தத்தைக் கவனிக்கவில்லை. அம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

போச்சு என்று, மடியில் வைத்துப் பின்னுகிற லேஸ் தலையணையை எடுத்துக் கட்டப் போனேன்.

"நிறுத்தாத. அந்தப் பிள்ளைய மொதல்ல பாத்தது யாரு?" என்றார் அம்மாள்.

பயத்தில் வாய் முந்திவிட்டது. "நீங்கதான், அம்மா."

கொட்டகை முழுக்கக் குனிந்து சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை.

"நான் பாத்தா சும்மா விடுவேனா? அவளுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"மூணாங் கிளாசு வரைக்கும்..."

மலைக்குப் பின்னால் ஏது பள்ளிக்கூடம் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப நாலாங் கிளாசுல சேத்தாச்சு. சர்ப்பம் மலையிலயே கெடக்கட்டு. எனக்க கொட்டகைக்குள்ள வரப்பிடாது, கேட்டியா? ம், கை ஓடட்டு."

சாவிச் சத்தம் தூரப் போயிற்று. என் இடம் தப்பியது. அப்பாவுக்குக் கஞ்சி உண்டு என்று மூச்சு விட்டேன். விட்டு முடிக்கவில்லை, பக்கத்தில் இருந்தவள் இடித்தாள்.

"சேத்தாச்சுல்லா? உள்ள என்ன நடந்து? சொல்லுட்டி."

நாலாம் வகுப்புக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? வலுசர்ப்பத்தைப் பற்றி எதைச் சொன்னாலும் செல்லும், பார்த்தவர் இல்லை. நாலாம் வகுப்பைப் பார்த்தவர்கள் அங்கே பாதிப்பேர்.

"சவமே, நீ பின்னு. நான் சொல்லுகேன்" என்று மூத்தவள் கதையைக் கையிலெடுத்தாள். சாத்தான் என்று சொன்ன அதே வாயால் அந்தப் பிள்ளைக்குச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள், முன் பெஞ்சில் உட்கார வைத்தாள், வகுத்தல் கணக்குக்குள் இறக்கிவிட்டாள். வகுத்தல் எனக்கு ஒன்றும் புரியவில்லை. நூலை இழுத்துக்கொண்டே, மீதி வராமல் அந்தப் பிள்ளை வகுத்து முடித்துவிட வேண்டுமே என்று பயந்துகொண்டிருந்தேன்.