பாத்றூம் சுவரில் மாமிக்கு ஒரு பிடி

ஈரம் காயாத குளியலறையில், வெறுங்காலோடு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு டிறில் மெசினைத் தூக்கியவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட என் வாயால் கேட்பது மேல். எங்கள் தன்னாமுனையில் இந்தக் கதை என்னை முந்திக்கொண்டு சந்தியைத் தாண்டிவிட்டது.

தெரியாமல் செய்தேனா என்றால் அதுவும் இல்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் நான் எழுதுவினைஞன். அங்கே யாராவது ஈரக் கையோடு கேத்தல் சுவிச்சைத் தொட்டால் முதலில் கத்துகிறவன் நான்தான். ஊருக்குச் சொல்லும் புத்தி எனக்கு நிறைய உண்டு. வீட்டுக்கு வரும்போது அதை அலுவலக மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருவேன்.

சங்கதி இதுதான். என் மாமி, அதாவது மனைவியின் தாய், அந்தக் குளியலறையில்தான் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பில் வெடிப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது டொக்டர் ஒன்று சொன்னார்: சுவரில் உறுதியாக ஒரு கைபிடி போட்டுக் கொடுத்தால் அவர் தனியாகக் குளிக்கலாம், இல்லையென்றால் ஆள் பிடித்துத்தான் குளிப்பாட்ட வேண்டும். மாமி கட்டிலில் கிடந்தபடியே தன் முடிவை அறிவித்தார்.

"என்னை ஆள் பிடிச்சுக் குளிப்பாட்ட, நான் என்ன பிரேதமா?"

இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மகளிடம் சொன்னார். மாமி என்னோடு நேரே பேசுவதில்லை. கோபம் ஏதும் கிடையாது, மருமகனுக்குக் கொடுக்கும் மரியாதை அது என்று மனைவி சொல்லுவாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கான செய்தியெல்லாம் மகள் வழியாகவே வந்து சேரும், நான் அதே அறையில் நின்றுகொண்டிருந்தாலும்.

கைபிடியை வாங்கியாயிற்று. துருப்பிடிக்காத உருக்கில், திருகாணியும் அதே உருக்கில். வாவிக் காற்று படுகிற இடத்தில் சாதாரண இரும்பை மாட்டினால் கொஞ்ச நாளில் அது துருவைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆளைப் பிடிக்காது. பூட்டித் தருவதற்கு மேசன் பாஸைத் தேடினேன். நெல் வெட்டுக் காலம். பாஸ் வேளாண்மை வெட்டுவிக்க வயல் வட்டைக்குப் போயிருந்தார். வட்டைக்குள் இறங்கிய மனிதனை வெளியே எடுப்பதற்கு அவருடைய நெல்லே வீட்டுக்கு வந்தால்தான் உண்டு. மாமியோ மறுநாள் வருகிறார். வீட்டில் மெசின் இருக்கிறது, கட்டாரிலிருந்து மச்சான் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. பற்றறி இல்லை, நீளமான வயர் உள்ள பழைய சாதி. பிளக்கைக் கழற்றும்வரை இளைக்காது.

நான் குளித்துவிட்டு வந்த கையோடு வேலையைத் தொடங்கினேன். குளித்த இடத்திலேயே. எக்ஸ்டென்ஷன் வயரை மண்டபத்திலிருந்து இழுத்து, அதன் பெட்டியை ஈரத் தரையிலேயே வைத்தேன். துளைக்கிற பிட்டை இறுக்குகிற சாவியை மெசினின் வாயிலேயே விட்டுவிட்டு விசையை அழுத்தினேன்.

சாவி பறந்தது. மூலையில் இருந்த மாமியின் நீல வாளியில் பட்டு அதன் வயிற்றைப் பிளந்தது. நான் திடுக்கிட்டு விசையை விட்டேன். மெசின் என்னை விடவில்லை. விசையை அழுத்திய வேகத்தில், அதைப் பிடித்து வைக்கிற பக்கத்துப் பொத்தானையும் என் விரல் அமுக்கியிருக்கிறது. கையைத் தாழ்த்தினேன். சுழன்ற பிட் சாரத்தின் தொங்கலைக் கவ்வியது. பிறகு நடந்ததில் என் பங்கு மிகக் குறைவு. மனைவி மண்டபத்தில் பிளக்கைப் பிடுங்கியபோது சாரம் முழுவதும் மெசினில் இருந்தது. மிச்சத்தோடு நான் நின்றேன்.

"கால் ரெண்டும் இரிக்கா?" என்று அங்கிருந்து கேட்டாள்.

"இரிக்கு."

"அப்ப உடுப்பப் போடுங்க. ஜன்னல் திறந்து கிடக்கு."

மறுநாள் மாமி, நான்கு கால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் வாளியைக் கண்டார். மகளை விசாரித்தார். மகள் ஒன்றையும் மறைக்கவில்லை, சாரம் உட்பட. தீர்ப்பு எனக்குக் கேட்கும் சத்தத்தில் வந்தது.

"அவருக்குச் சொல்லு புள்ள, வாளியப் பொளந்தவர்ர பிடிய நான் பிடிக்கமாட்டன். விழுந்தாலும் சுவரப் பிடிச்சிட்டு விழுவன்."

"மாமி, சுவரப் பிடிக்க ஏலாது, அதுக்குத்தானே பிடி..." என்றேன்.

"சொல்லிட்டன் புள்ள," என்றார் மாமி, மகளைப் பார்த்து.

அன்று பின்னேரம் மனைவி அவரைக் கட்டிலிலேயே ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். நான் தண்ணீர்ப் பாத்திரத்தை வாசல்வரை கொண்டுபோனேன். கதவு பாதி திறந்திருந்தது. மாமி யாரையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துக் கிடந்தார். ஏசாத மாமியை நான் அதற்கு முன் கண்டதே கிடையாது. பாத்திரத்தை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்கு எதற்கும் ஒரு பகிடி வரும். அன்றைக்கு வரவில்லை.

சனிக்கிழமை காலையில் யாரும் குளிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். தரையையும் சுவரையும் துடைத்து, யன்னலைத் திறந்து காயவிட்டேன். சாரத்தை விட்டுக் களுசான் போட்டேன், சேர்ட்டின் கையை இறுக்கி மடித்தேன், ரப்பர் அடி வைத்த சப்பாத்தைக் கட்டினேன். கையுறை போடவில்லை. சாரத்தைக் கவ்விய பிட்டுக்குக் கையுறையும் சாரம்தான், உள்ளே விரல் இருக்கிற சாரம். கண்ணுக்குக் கண்ணாடி தேடினேன், இல்லை. மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டு முகக்கண்ணாடியை இறக்கிவிட்டேன். அந்தக் கோலத்தில் மண்டபத்தைக் கடந்தேன். மாமி நாற்காலியில் இருந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள, அவர் எங்க பயணம்?"

"பாத்றூமுக்குத்தான் அம்மா."

"ஹெல்மெட்டோடயா? பொலிஸ் நிக்கிதாமா உள்ள?"

நேரே மெயின் சுவிச்சுப் பெட்டிக்குப் போனேன். ட்றிப் சுவிச்சில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. கரண்ட் கசிந்தால் அது உண்மையாகவே விழுமா என்று பார்ப்பதற்காக வைத்தது. வீடு கட்டியதிலிருந்து யாரும் தொட்டிருக்கமாட்டார்கள். அழுத்தினேன். டப். வீடு முழுக்க அடங்கியது. நாடகத்தில் ஒருத்தி அழத் தொடங்கிய இடத்தில் தொலைக்காட்சியும் அடங்கியது.

"ஆர் அது கரண்ட நிப்பாட்டின?"

"சுவிச்சு வேலை செய்யுது மாமி!" என்றேன் சந்தோஷத்தில்.

"அவர்ர சுவிச்சு வேலை செய்யிது, என்ர நாடகம் வேலை செய்யல்ல எண்டு சொல்லு புள்ள."

சுவிச்சைத் தூக்கிவிட்டு உள்ளே போனேன். குழாய்க்கு மேலே, என் தோள் உயரத்தில், முதல் நாளே பென்சிலால் குறி போட்டிருந்தேன். எக்ஸ்டென்ஷன் பெட்டியை இந்தமுறை வாசலுக்கு வெளியே ஒரு கதிரையில் வைத்தேன். மெசினின் வயரை ஒரு முறை விரலால் தடவி, வெட்டுக்காயம் ஏதும் இல்லை என்று பார்த்து, தோளுக்குமேல் போட்டு முதுகுப் பக்கம் விட்டேன். மனைவி பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லும்வரைக்கும் நான் குத்தமாட்டன். பிட்டு மாத்தக்குள்ள கழட்டி என்ர கையிலதான் வெச்சிருப்பன்."

நல்ல ஏற்பாடு. யோசித்துப் பார்த்தால் கலியாணத்திலிருந்தே இந்த ஏற்பாடுதான்.

அந்த நேரம் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. நாடகத்தை இழந்த மாமி வாசலுக்கு வந்துவிட்டார். என் குறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி குறியைப் பார்த்தார்.

"புள்ள, அந்தக் குறி ஆருக்கு?"

"உங்களுக்குத்தான் அம்மா."

"நான் அதுல தொங்குறதா? வவ்வால் எண்டு நினைச்சிட்டாராமா?"

மெசினைக் கீழே வைத்தேன். சாவியையும் வாளியையும் பற்றி ஆயிரம் யோசித்தவன், பிடிக்கப் போகிற கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று யோசிக்கவில்லை. மாமி என் தோளுக்கும் கொஞ்சம் கீழே.

"அதோட," என்றார் மாமி, "அந்தச் சுவருக்குள்ள பைப்பு போகுது. மேசன் நேராப் போடல்ல, சரிச்சுத்தான் போட்டவன். நான் நிண்டு பார்த்தனான். அவர்ர குறியில ஓட்ட போட்டா வீட்டுக்குள்ள ஒரு வாவி வரும்."

மட்டக்களப்புப் பக்கம் வீடு பெண்ணோடு வரும், ஆண் சூட்கேசோடு வருவான். நான் மண்டூரிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்து வந்தபோது இந்த வீடு பூசி, வர்ணம் அடித்து நின்றது. மகளுக்குச் சீதனமாகக் கொடுக்க மாமி கட்டியது. இத்தனை வருடம் இந்தச் சுவர்களில் படம் மாட்டியிருக்கிறேன், சாய்ந்திருக்கிறேன், கோபத்தில் ஒரு தரம் குத்தியும் இருக்கிறேன். உள்ளே என்ன ஓடுகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"மாமி," என்றேன், "நீங்க குளிக்கக்குள்ள எங்க கை போகும்? ஒருக்கா வெச்சுக் காட்டுங்க."

மாமி மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே செம்பில் தண்ணீர் இருந்தது. மாமி அதில் கையை நனைத்தார். மனைவி பிடித்துக்கொள்ள, ஊன்றுகோலை விட்டு உள்ளே வந்து, குளிக்கிற முக்காலியில் இருந்து எழும்புகிறவர்போல் உடம்பைச் சாய்த்து, பக்கச் சுவரில் உள்ளங்கையை ஊன்றினார். கையை எடுத்தபோது மாபிளில் ஐந்து விரலும் ஈரமாகத் தெரிந்தன.

"இந்தச் சுவருக்குள்ள பைப்பும் இல்ல, வயரும் இல்ல," என்றார், சுவரிடம்.

ஈரம் காய்வதற்குள் அந்தக் கையைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்தேன். பிறகு நன்றாகத் துடைத்தேன். துளை விழ வேண்டிய இடங்களில் ஒட்டும் நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டினேன், வழுக்குகிற மாபிளில் பிட் ஓடிவிளையாடாமல் இருக்க. பிட்டை இறுக்கினேன், சாவியைக் கழற்றினேன், தூக்கி மனைவிக்குக் காட்டினேன்.

"கண்டன். இப்ப குத்துறன்."

இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றி, ஒரு கை பின்பிடியிலும் மறு கை பக்கப் பிடியிலுமாக நின்றேன். பிட் உள்ளே இறுகிவிட்டால் மெசின் நம் மணிக்கட்டைத் திருப்பிவிடும். ஒற்றைக் கையால் பிடித்து வீரம் காட்டுகிற இடம் அது இல்லை. முதலில் மெதுவாக, சுத்தியல்போல் இடிக்கவைக்கிற பொத்தானைத் தொடாமல், மாபிள் மட்டும் விட்டுக்கொடுக்கும்வரை. அது விட்டுக்கொடுத்தது கையிலேயே தெரிந்தது. நிறுத்தினேன். சுழற்சி முற்றாக அடங்கும்வரை காத்திருந்தேன்.

"கழட்டு."

"கழட்டிட்டன்."

கல்லுக்கான பிட்டை மாட்டினேன், சாவியைக் காட்டினேன், அவள் குத்தினாள். இப்போது இடிக்கவிட்டேன். செங்கல் தூள் சிவப்பாகக் கொட்டியது. ஹெல்மெட்டின் கண்ணாடி முழுக்கத் தூசி, அதற்குப் பின்னால் என் கண் சுகமாக இருந்தது. முதல் தடவை என்னைச் சுற்றி ஓடிய மெசின், அன்று நான் காட்டிய இடத்தில் போய், நான் சொன்ன ஆழத்தில் நின்றது. ஒவ்வொரு துளைக்கும் அதே சடங்கு. சாவியைக் காட்டு, குத்து, துளை, கழட்டு. இரண்டாவது துளைக்குப் பிறகு வாசலிலிருந்து மாமியின் குரலும் சேர்ந்துகொண்டது.

"புள்ள, சாவி கழட்டினவரா எண்டு பாரு."

திருகாணியைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் றோல் பிளக்குகளைத் துளைகளுக்குள் அடித்து இறக்கி, பிடியை வைத்து, திருகாணிகளை முறுக்கினேன். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பிடியைப் பற்றி, காலை மடித்து என் முழுப் பாரத்தையும் அதில் போட்டேன். அசையவில்லை. இன்னொரு முறை, ஒரு குலுக்கு. அசையவில்லை. எழும்பி, பெருமையோடு வாசலைப் பார்த்தேன்.

"பாருங்க மாமி, நானே தொங்கியும் நிக்கிது!"

"அவர் தொங்கினா என்னவாம்," என்றார் மாமி. "அவர்ர பாரம் முழுக்க வாயிலதானே."

ஊன்றுகோல் மண்டபத்துக்குத் திரும்பிப் போனது. பிடிப்பேன் என்று சொல்லவில்லை. பிடிக்கமாட்டேன் என்று மறுபடி சொல்லவும் இல்லை. அன்று பின்னேரமும் ஈரத்துணிதான்.

ஞாயிறு காலை நான் தேத்தண்ணீரோடு வெளியே வந்தபோது மாமியின் கட்டில் காலியாக இருந்தது. ஊன்றுகோல் குளியலறை வாசலில் தனியாக நின்றது. கதவு சாத்தியிருந்தது, கொழுக்கி போடவில்லை. உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம். மனைவி கொஞ்சம் தள்ளி நின்று வாயில் விரலை வைத்துக் காட்டினாள்.

நானும் நின்றேன். தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். ஆணி இறுகியிருக்குமா? றோல் பிளக் செங்கல்லில்தான் பிடித்ததா, பூச்சில் பிடித்ததா? தண்ணீர்ச் சத்தம் நின்றது. முக்காலி மாபிளில் உரசுகிற சத்தம். அவர் எழும்புகிறார். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"மாமி!" என்று கத்தினேன். "பிடி நிக்கிதா? பிடிச்சீங்களா? மாமி!"

மனைவி தலையில் கையை வைத்தாள். உள்ளேயிருந்து, புள்ளையையும் கூப்பிடாமல், அவருக்குச் சொல்லு என்றும் சொல்லாமல், பதில் வந்தது.

"அதப் பிடிச்சிட்டுத்தான் நிக்கன், கத்தாதீங்க மருமகன்."