எதிர்க்கடைக்குப் போன முன்சீப்புகள்

பாளையங்கோட்டையில் காலேஜுக்குப் போகும் சாலையில் எங்கள் அப்பா ஜவுளிக்கடை வைத்திருந்தார். எனக்கு எட்டு வயதாகும்வரை அந்தச் சாலையில் வேறு ஜவுளிக்கடையே கிடையாது. ஆகையால் வாடிக்கைக்காரரை எப்படி வரவேற்பது என்று யோசிக்க வேண்டிய அவசியம் அப்பாவுக்கு நேர்ந்ததில்லை. முக்கூடலிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் படிக்க வந்த பையன்கள் கடையேறினால், “என்னலே, நாலு முழமா, எட்டு முழமா?” என்பார். அவருடைய வியாபார தந்திரம் அவ்வளவுதான்.

அந்த வருஷம் காலேஜ் திறக்கிற சமயத்தில் எங்களுக்கு நேர் எதிரே இன்னொரு ஜவுளிக்கடை வந்தது. அதை வைத்தவர் கொழும்பில் வெகுகாலம் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஆள் உயர நிலைக்கண்ணாடி ஒன்றை வைக்கோல் சுற்றி மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அப்பா மட்டும் எங்கள் கடைக்குள் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மடித்து வைத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைக்கூட அவர் பொறுத்திருப்பார். பொறுக்க முடியாமல் போனது அந்த மனிதருடைய நாக்கை. காலேஜ் பையன் ஒருவன் உள்ளே நுழைந்தால் போதும், கோட்டை மாட்டி, தலைப்பாகையைக் கட்டிவிட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்திவிடுவார்.

“வாங்க முன்சீப் அய்யா! தலையைச் சித்த நிமுத்துங்க. ஆங், இப்பம் பாருங்க, கோர்ட்டே எந்திரிச்சு நிக்கும்!”

யாருக்கு என்ன உத்தியோகம் என்பதை முகத்தைப் பார்த்தே முடிவு செய்வார். கொஞ்சம் தொந்தி தெரிந்தால் வக்கீல். மீசை அரும்பியிருந்தால் தாசில்தார். பையன்கள் சொக்கிப்போனார்கள். எட்டு முழ வேட்டி வாங்கப் போனவன் கோட்டுத் துணியோடு வெளியே வந்தான்.

“நீங்களும் ரெண்டு வார்த்தை அப்படிச் சொன்னாத்தான் என்ன?” என்றாள் அம்மா.

அப்பா முயன்று பார்த்தார். துண்டு வாங்க வந்த ஒரு நோஞ்சான் பையனைக் கண்டதும், யாருக்கும் எழுந்திராதவர் எழுந்து நின்று, கஷாயம் குடிக்கிற முகத்தோடு, “வாங்க ஜட்ஜ் அய்யா” என்றார். பையன் தனக்குப் பின்னால் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தான்.

“அண்ணாச்சி, ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையா?” என்று கவலையோடு கேட்டான்.

அதன்பின் அப்பா அந்த முயற்சியைக் கைவிட்டார். ஆனால் எதிர்க்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் துணி கிழிக்கிற அவர் கை தானாகவே வேகமெடுக்கும். நானும் அவருக்குக் குறைந்தவள் இல்லை. பள்ளிக்கூடம் போகையில் அந்தக் கண்ணாடி இருக்கும் பக்கம் தலையைத் திருப்புவதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

ஒரு நாள் காலை எதிர்க்கடைக்காரர் படியில் நின்று, “என்ன டாக்டரம்மா, பள்ளிக்கூடத்துக்கா?” என்றார். என் வீம்பு அந்த இடத்திலேயே செத்தது. அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் ஓடிவந்து அப்பாவிடம் சொல்லியும்விட்டேன். அவர் ராத்திரி சாப்பிடவில்லை.

“புள்ளையப் பாத்து ஒரு வார்த்தை சொன்னதுக்கா இந்தக் கோவம்?” என்று அம்மா கேட்டாள்.

“எம் புள்ளையவுமா அவன் கூப்பிடணும்?” என்றார் அப்பா.

பரீட்சை முடிவு வந்த அன்று எதிர்க்கடையில் திருவிழாக் கூட்டம். தேறியவர்கள் மாலையும் கழுத்துமாகப் போய்க் கண்ணாடி முன்னால் நின்றார்கள். நானும் அப்பாவும் மட்டும் இருந்த எங்கள் கடைக்கு ஒரே ஒருவன் வந்தான். முக்கூடல் பையன். எதிர்க்கடைக்காரர் எல்லாரையும்விட அதிகமாக ‘முன்சீப்’ என்று கொண்டாடியவன். கையில் அவனுடைய தகரப்பெட்டி இருந்தது.

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்பாவின் வாயில் வந்துவிட்டது. “என்னவே முன்சீப், வழி தவறிட்டீரா? ஒம்ம கடை அங்கனல்லா இருக்கு!”

“தேறல அண்ணாச்சி. மழை தூறுது, செத்த நேரம் ஒதுங்கிக்கிடுதேன். அங்கன போனா முன்சீப்புன்னு கூப்பிடுவாரு.”

அப்பாவின் முகம் மாறிவிட்டது. தலை துவட்ட ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

“ஒங்க அப்பாவுக்குத் தெரியுமாலே?”

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். “ஊருக்குப் போய்த்தான் சொல்லணும். போகத்தான் காலு வரல.”

அப்பா எழுந்தார். வருஷத்திலேயே நல்ல வியாபாரம் நடக்கக்கூடிய அந்த நாளில், பட்டப்பகலில், பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக் கடையை அடைத்தார்.

“நான் முக்கூடல் போயிட்டு வாறேன்னு அம்மாகிட்ட சொல்லு” என்று என்னிடம் சாவியைக் கொடுத்தார். பையனின் பெட்டியை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையை அவன் தோளில் போட்டு, “பைய நடலே, வழுக்கும்” என்றபடி வண்டிப்பேட்டைப் பக்கம் நடந்தார். எதிர்க்கடையை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் தூறலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறெரிந்தது, எதிர்க்கடைக்காரரை நினைத்து அல்ல, அந்தப் பையனை நினைத்து. அப்பா என் தோளில் ஒருநாளும் அப்படிக் கைபோட்டு நடந்ததில்லை. பரீட்சையில் தவறிப்போன ஒருவனுக்கு அது ஏன் கிடைக்க வேண்டும்? முக்கூடலில் ஒரு வீட்டு வாசலில் அவன் தனியாகப் போய் நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது.