என்னைப் பற்றி நானே எழுதிய பக்கம்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு படித்தேன். மாலையில் பாளையங்கோட்டை மைதானத்தில் ஹேண்ட்பால் ஆடுவேன். பக்கத்துக்கு ஏழு பேர். கோலுக்கு முன்னால் ஆறு மீட்டரில் வளைவாக ஒரு கோடு. அதற்குள் கால் ஊன்றக் கூடாது. ஆனால் கோட்டைத் தாண்டிக் குதித்து, தரையைத் தொடுமுன் பந்தை எறிந்துவிடலாம். வலது மூலையிலிருந்து எறிய இடது கைக்காரிகள்தான் தோது. எங்கள் மாவட்டத்தில் அப்போது நான் ஒருத்திதான் இடது கைக்காரி.

எங்கள் மாஸ்டரிடம் பழைய வெளிநாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் ஒரு படத்தில் ஸ்வீடன் நாட்டுப் பெண்ணொருத்தி கோட்டுக்கு மேலே கிடையாகப் பறந்துகொண்டிருப்பாள். "இவளுக்கு இதான் வேல, கேட்டியளா. ஆடுததுக்குச் சம்பளம்," என்பார் மாஸ்டர். நாங்கள் யாரும் நம்பவில்லை. பிறகு ஒருநாள் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. ஓர் அரசுத் துறை பெண்கள் அணி தொடங்குகிறது, ஆடுகிறவர்களுக்கு அங்கேயே வேலையும் உண்டு, எங்கள் மாவட்டத்துக்கு ஓர் இடம்.

அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. வீட்டில் அப்போதே மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேலை கிடைத்தால் கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம் என்று அப்பா வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

எதையும் அட்டவணை போட்டு எழுதுவது என் பழக்கம். ஹேண்ட்பாலுக்கென்று ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொருத்திக்கும் ஒரு பக்கம்: எந்தக் கை, எத்தனை அடி ஓடி வருவாள், எங்கே பார்ப்பாள், எங்கே எறிவாள். முதலில் எதிரணிகளை எழுதினேன், பிறகு எங்கள் அணியை. என்னை விட்டால் நோட்டு குறைபட்டுப் போகுமென்று என்னையும் எழுதினேன்.

ஒன்று: குதிக்குமுன் நாக்கைக் கடித்தால், பந்து கீப்பரின் கால் பக்கம்.
இரண்டு: தோள் தாழ்ந்தால், தலைக்கு மேலே.
மூன்று: தொடர்ந்து மூன்று தவறினால், நான்காவது எப்போதும் தூரத்துக் கம்பத்துக்கு.

எங்கள் கீப்பரும் என்னைப் போலவே வள்ளியூர்க்காரி. மூன்று வருஷமாக ஒரே பஸ்ஸில் வந்துபோனோம். அணித் தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நோட்டைக் கேட்டாள்.

"ஏட்டி, ஒரு வாரம் தாயேன். திசையன்விளைக்காரியெல்லாம் எப்படி எறியுதாளுவன்னு பாத்துக்கிடுதேன்."

"நீயும் அந்த இடத்துக்கு நிக்கியா?"

"போடி. கீப்பரை நம்ம ஊர்ல வந்தா எடுக்கப் போறான்? ஒனக்குக் கைதட்டத்தான் வாரேன்."

கொடுத்தேன். என் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றவே இல்லை.

தேர்வு நாளில் சென்னையிலிருந்து வந்த இருவர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்குப் பத்துப் பந்து. கோலில் அவள். பயிற்சியில் அவளைத் தாண்டிப் பத்துக்கு ஆறு பந்தாவது உள்ளே போய்விடும்.

முதல் பந்துக்கு நான் எம்புமுன்பே அவள் கால் நகர்ந்துவிட்டது. இரண்டாவதற்குக் கை மேலே காத்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. நான்காவதைத் தூரத்துக் கம்பத்துக்கு எறிந்தேன். அங்கே அவள் முன்கூட்டியே நின்றிருந்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாற்றி எறிய முயன்றேன். பழகிய கை கேட்கவில்லை. ஒரு பந்து வெளியே போனது, ஒன்று கம்பத்தில் பட்டது. பத்தில் இரண்டுதான் உள்ளே போயின.

வந்தவர்களில் ஒருவர் மாஸ்டரைக் கூப்பிட்டு, "கீப்பர் பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

குழாயடியில் அவள் முட்டிப்பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என் பக்கத்தப் படிச்சியா?"

"எல்லாப் பக்கமுந்தான் படிச்சேன். படிக்கத்தான தந்த?"

"கைதட்ட வாரேன்னியே."

"வந்த பந்த விடச் சொல்லுதியா? எனக்காவ நீ விட்டுக்குடுத்திருப்பியா?"

"மாட்டேன். ஆனா சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருந்தா நீ வேற மாதிரில்லா எறிஞ்சிருப்ப," என்றாள். ஒளிவுமறைவில்லாமல், ஏதோ கணக்குப் பாடத்தில் எனக்குச் சந்தேகம் தீர்த்துவைப்பது போலச் சொன்னாள். அந்தக் குரலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாஸ்டரிடம் போனேன். "அவ நல்லாப் புடிச்சா, நீ சொதப்பிட்ட. இதுல நான் என்னத்தம்மா சொல்ல?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. விதிப்படி யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை.

அப்பா ஒன்றுதான் கேட்டார். "யாருக்குக் கெடச்சுது?" அவள் பெயரைச் சொன்னேன். "நம்ம பிள்ளதான, நல்லா இருக்கட்டும்," என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி மாப்பிள்ளை வீட்டுக்குத் தகவல் போனது. மைதானத்தில் நடந்ததை நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னாலும் ஒரு நோட்டுக்காகவா இத்தனை என்றுதான் கேட்டிருப்பார்கள்.

அதனால் அந்த ஞாயிறு எனக்குச் சேலை கட்டிவிட அம்மா கூப்பிட்டது அவளைத்தான். வந்தாள். கொசுவத்தை ஒழுங்காகவே வைத்தாள். தோளில் ஊசி குத்திக்கொண்டே, "செவ்வாக்கிழம ரயிலு. ஸ்டேஷனுக்கு வருவியாட்டி?" என்று கேட்டாள்.

"வரமாட்டேன்," என்றேன்.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.